பில் கோட்டின் மேல் விழுகிறதா? டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை அறிகுறி பார்த்துச் சரிசெய்தல்

பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரின் மொத்த வியாபாரக் கடைகளிலும், பிறையின் லாரிப் பட்டறைகளிலும், கோயில் அர்ச்சனைச் சீட்டு முகப்புகளிலும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ஊசி ரிப்பனை அடிக்கும்போது மூலத்தோடு அடியிலுள்ள நகல்களிலும் எழுத்து விழுந்துவிடுகிறது. லேசர் பிரிண்டரால் அது முடியாது. மூன்று நகல் டெலிவரி ஆர்டர் வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்த இயந்திரங்கள் லேசில் கெடுவதில்லை. கெட்டுவிட்டதாக எண்ணிப் பழுதுபார்க்கத் தூக்கிக்கொண்டு போகிற பல பிரிண்டர்களில் அமைப்புதான் மாறியிருக்கும். அந்த அமைப்பை மாற்ற ஒரு சிறு மென்பொருள் உண்டு. எப்சன் எல்.கியூ.-310, எல்.எக்ஸ்.-310 வகைகளுக்கு ‘எப்சன் பிரிண்டர் செட்டிங்’. அதற்கு முந்தைய எல்.கியூ.-300 வகைகளுக்கு ‘எப்சன் ரிமோட்’. கீழே உள்ளவை அந்தக் குடும்பத்தை வைத்து எழுதியவை. வேறு நிறுவனத்துப் பிரிண்டரானால் அமைப்பின் பெயர் மாறும், வேலை மாறாது.

மென்பொருளைத் திறக்குமுன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். தாள் நீளம் போன்ற ஓர் அளவு மூன்று இடங்களில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது: பிரிண்டரின் சொந்த நினைவகத்தில், விண்டோஸ் டிரைவரில் (கணினி பிரிண்டரோடு பேச உதவும் இடை மென்பொருள்), பில் போடும் கணக்கு மென்பொருளில். அமைப்பு மென்பொருள் முதல் இடத்தை மட்டுமே தொடும். டிரைவரும் கணக்கு மென்பொருளும் அனுப்பும் கட்டளை, பிரிண்டர் நினைவகத்தில் இருப்பதை மீறிவிடும். ஆகவே எந்த இடத்தில் தவறு என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது. கண்டபடி மாற்றினால் ஒரு தவறு மூன்றாகும், பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தவறு எந்த இடத்தில் என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது சுயசோதனை. பிரிண்டரை அணைத்து, கணினியிலிருந்து வரும் கேபிளைக் கழற்றி, எல்.எஃப்./எஃப்.எஃப். (LF/FF) பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மின்சாரத்தைப் போடுங்கள். பிரிண்டர் தானாகவே வரிவரியாக அச்சடிக்கும். அது சுத்தமாக வந்தால் இயந்திரத்தின்மேல் பழி போடாதீர்கள். இரண்டாவது, விண்டோஸில் ‘ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி’ என்ற டிரைவரை அதே போர்ட்டில் இன்னொரு பிரிண்டராகச் சேர்த்து, நோட்பேடிலிருந்து நான்கு வரி அனுப்பிப் பார்ப்பது. அதில் ஒழுங்காக வந்து, கணக்கு மென்பொருளில் மட்டும் கோளாறு என்றால், பிரிண்டரின் சொந்த டிரைவரிலோ பில் வடிவத்திலோதான் தேட வேண்டும்.

அறிகுறி: முதல் பில் சரி, போகப்போகக் கீழே இறங்குகிறது

“அண்ணே, காலையில் சரியாக இருக்கிறது. பத்துப் பில் போட்டதும் மொத்தத் தொகை அடுத்த தாளில் போய் விழுகிறது.” இந்தப் புகார்தான் எல்லாவற்றிலும் அதிகம். பெரும்பாலான கடைகளில் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்கள்: பக்கத்தில் இருக்கும் குமிழைக் கையால் திருகித் தாளை மேலே இழுத்துவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மின்சாரம் இருக்கும்போது குமிழைத் திருகினால், தாளின் தலைப்பு எங்கே என்று பிரிண்டர் வைத்திருந்த கணக்கு குழம்பிவிடும், பற்சக்கரத்துக்கும் நல்லதன்று.

எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். அளவுகோல் கூட வேண்டாம். தொடர்தாளின் ஓரத் துளைகள் அரை அங்குலத்துக்கு ஒன்று. 11 அங்குலத் தாளில் ஒரு பக்கத்துக்கு 22 துளைகள், பாதித் தாளான 5.5 அங்குலத்தில் 11. ஒரு பக்கத்தின் முதல் வரி எந்தத் துளைக்கு நேரே இருக்கிறது, அடுத்த பக்கத்தின் முதல் வரி எந்தத் துளைக்கு நேரே வந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் போதும்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய ஒன்றரைத் துளை, அதாவது 17.6 மில்லிமீட்டர் இறங்கினால், டிரைவரில் தாள் ‘ஏ4’ என்று இருக்கிறது. ஏ4 தாளின் உயரம் 29.7 சென்டிமீட்டர், 11 அங்குலம் என்பது 27.94. அந்த வித்தியாசம்தான் பக்கத்துக்குப் பக்கம் சேர்ந்துகொண்டே போகிறது. மலேசியாவில் விண்டோஸ் நிறுவும்போது இயல்பான தாள் ஏ4 ஆக அமைந்துவிடுவதால், கணினி மாற்றிய மறுநாளே இந்தத் தொல்லை தொடங்கும். எழுத்து முறையில் அச்சடிக்கும் பழைய மென்பொருளில் சரியாக நான்கு வரி இறங்கினால், பிரிண்டர் நினைவகத்தில் பக்க நீளம் 70/6 அங்குலம் என்று இருக்கக்கூடும். அங்குலத்துக்கு 6 வரி என்ற கணக்கில் அது 70 வரி. உங்கள் தாளில் இருப்பது 66.

சரியாக இரண்டு துளை இறங்கினால் பக்க நீளம் 12 அங்குலமாக இருக்கிறது, அல்லது ‘ஸ்கிப் ஓவர் பெர்ஃபரேஷன்’ போட்டிருக்கிறது. இந்த இரண்டாவது, பக்க மடிப்பைத் தாண்டுவதற்காக ஒரு பக்கத்தின் கடைசி வரிக்கும் அடுத்த பக்கத்தின் முதல் வரிக்கும் நடுவே ஓர் அங்குலம் விடும் அமைப்பு. கணக்கு மென்பொருள் தானே ஓரம் விடுகிறது என்றால் இது தேவையில்லை, அணைத்துவிடுங்கள். பில் கீழே போகாமல் மேலே ஏறிக்கொண்டே போனால், அமைத்த நீளம் உண்மைத் தாளைவிடக் குறைவு.

பிரிண்டர் நினைவகத்தில் திருத்துவதற்கு: பிரிண்டரை யு.எஸ்.பி. வழியாக நேரே கணினியில் இணைத்து, தாள் ஏற்றி, அமைப்பு மென்பொருளைத் திறந்து, முதலில் இப்போதுள்ள அமைப்புகளை வாசிக்கச் செய்யுங்கள். வாசித்ததைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டிராக்டருக்கான (ஓரத் துளைகளைப் பிடித்துத் தாளை இழுக்கும் பகுதி) ‘பேஜ் லெங்த்’ என்ற இடத்தில் 11 அல்லது 5.5 தேர்ந்து, அந்த ஒன்றை மட்டும் மாற்றி அனுப்புங்கள். எழுதி முடிக்கும்வரை மின்சாரத்தை அணைக்காதீர்கள். முடிந்ததும் அணைத்து, ஐந்து விநாடி பொறுத்து மறுபடி போடுங்கள்.

டிரைவரில் திருத்துவது வேறு பாதை. விண்டோஸில் ‘பிரிண்ட் சர்வர் பிராபர்ட்டீஸ்’ என்ற பெட்டியைத் திறந்து, ‘ஃபார்ம்ஸ்’ பகுதியில் புதிய தாள் ஒன்றை உருவாக்க வேண்டும். அதற்கு நிர்வாகி உரிமை தேவை. அகலம் 24.13, உயரம் 27.94 சென்டிமீட்டர், பாதித் தாளானால் உயரம் 13.97. இங்கே 14 என்று முழு எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். பில் ஒன்றுக்கு 0.3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. நூறு பில் போட்டால் மூன்று சென்டிமீட்டர். காலையில் சரியாக இருந்து மாலையில் மட்டும் தவறுகிற பிரிண்டர் என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

புதிய தாளை உருவாக்கியதோடு வேலை முடியவில்லை. அதைப் ‘பிரிண்டிங் பிரிஃபரென்சஸ்’ பகுதியிலும், ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குள் இருக்கும் ‘பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்’ பகுதியிலும் தேர்ந்துவிட வேண்டும். முன்னது உங்களுக்கு மட்டும். பின்னது அந்தக் கணினியில் நுழையும் எல்லாருக்கும். முதலாளி போட்டால் சரியாகவும் கணக்குப்பிள்ளை போட்டால் தவறாகவும் வரும் பில்லுக்குக் காரணம் இதுதான். கடைசியாக, கணக்கு மென்பொருளின் பில் வடிவத்திலும் அதே தாளைத் தேர்ந்து சேமியுங்கள்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஒழுங்கில்லாமல் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்தால், தாள் விடுப்பு நெம்புகோலைப் பாருங்கள். தனித்தாள் நிலையில் அது இருந்தால் உருளையும் டிராக்டரும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும், துளைகள் கிழியும்.

அறிகுறி: ஒன்றுவிட்டு ஒன்று வெற்றுத்தாள்

பாதித் தாளைப் போட்டுவிட்டு நீளத்தை 11 அங்குலமாகவே விட்டிருக்கிறீர்கள். மேலே சொன்னபடி 5.5 ஆக்குங்கள்.

அறிகுறி: கிழிக்கும் இடம் தப்புகிறது, அல்லது தாள் முன்னும் பின்னும் போகிறது

அச்சு முடிந்ததும் மடிப்புக் கோடு கிழிக்கும் விளிம்புக்கு வந்து நிற்பதும், அடுத்த பில் வரும்போது தாள் பின்வாங்கித் தன் இடத்துக்குப் போவதும் ‘ஆட்டோ டேர் ஆஃப்’ அமைப்பின் வேலை. பக்க நீளம் சரியாக இருந்தால்தான் இது சரியாக வேலை செய்யும். ஆகவே அதை முதலில் தீருங்கள். பிறகும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தப்பினால், தாள் கிழிக்கும் நிலையில் நிற்கும்போது பாஸ் (Pause) பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடியுங்கள். விளக்கு மினுக்கத் தொடங்கும். எல்.எஃப்./எஃப்.எஃப்., லோட்/எஜெக்ட் பொத்தான்களால் தாளை நுணுக்கமாக முன்பின் நகர்த்தி, மறுபடி பாஸை அழுத்தி வெளியே வாருங்கள்.

ஒட்டு லேபிள் அச்சடிக்கிறவர்கள் இந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும். பின்வாங்கும்போது லேபிள் உரிந்து உள்ளே ஒட்டிக்கொண்டால், உருளையைக் கழற்றித்தான் எடுக்க முடியும்.

அறிகுறி: அமைப்பு மென்பொருள் பிரிண்டரைக் காணவில்லை என்கிறது

பில் மட்டும் ஒழுங்காக அச்சாகும், மென்பொருள் மட்டும் ‘பதில் இல்லை’ என்று நிற்கும். அச்சடிக்கத் தகவல் ஒரு திசையில் போனால் போதும். அமைப்பை வாசிக்கப் பிரிண்டர் திருப்பிப் பேச வேண்டும். அந்தத் திரும்பும் பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது. யு.எஸ்.பி.யைப் பேரலல் என்னும் பழைய வகை இணைப்பாக மாற்றும் கேபிள் வைத்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். கழற்றிவிட்டு நேரடி யு.எஸ்.பி. கேபிளைப் போடுங்கள். வேறு கணினியில் இருக்கும் பிரிண்டரை நெட்வொர்க் வழியாக எட்டிப் பார்க்கிறீர்கள் என்றால், பிரிண்டர் இணைந்திருக்கும் கணினியிலேயே போய் உட்காருங்கள். டிரைவரின் ‘போர்ட்ஸ்’ பகுதியில் இருதிசைத் தொடர்பு அணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேபிளை வேறொரு யு.எஸ்.பி. துளைக்கு மாற்றியிருந்தால் விண்டோஸ் அதே பிரிண்டரை ‘காப்பி 1’ என்று இரண்டாவது முறை சேர்த்திருக்கும். மென்பொருள் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். பழையதை நீக்கி, நின்றுபோன அச்சு வரிசையைத் துடைத்துவிட்டு, புதியதைத் தேர்ந்தெடுங்கள். இவை எல்லாம் சரி என்றால், பிரிண்டரின் ‘ஐ/எஃப் மோட்’ பேரலலில் பூட்டியிருக்கலாம். அதைப் பிரிண்டரின் பொத்தான் வழி அமைப்பு முறையில்தான் ‘ஆட்டோ’வுக்கு மாற்ற வேண்டும்.

அறிகுறி: மாற்றியது நிலைக்கவில்லை

நினைவகத்தில் எழுதியது அழியவில்லை. டிரைவர் மேலே ஏறி மிதிக்கிறது. மென்பொருளில் மறுபடி வாசித்துப் பாருங்கள். நீங்கள் போட்ட எண்ணே இருந்தால் அங்கே இன்னும் தட்டிப் பயனில்லை, டிரைவருக்கும் பில் வடிவத்துக்கும் போங்கள்.

அறிகுறி: புரியாத குறிகள், கோடு வரவேண்டிய இடத்தில் சாய்ந்த எழுத்துகள்

இவை இரண்டும் வெவ்வேறு நோய்கள். பக்கம் முழுவதும் குப்பைக் குறிகள் என்றால், கணினி ஒரு மொழியில் பேசுகிறது, பிரிண்டர் வேறொரு மொழியில் கேட்கிறது. மென்பொருளில் ‘சாஃப்ட்வேர்’ என்ற அமைப்பைப் பாருங்கள். எப்சனின் சொந்தக் கட்டளை முறை, ஐ.பி.எம். முறை என்று இரண்டு இருக்கும். எப்சன் டிரைவரைப் பயன்படுத்துகிறவருக்கு முதலாவதுதான் வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் எல்.எஃப்./எஃப்.எஃப்., லோட்/எஜெக்ட் இரண்டையும் ஒருசேர அழுத்தியபடி பிரிண்டரைப் போடுங்கள். வருகிற தகவலை அது அப்படியே பதினாறடிமான எண்களாக அச்சடிக்கும். தொடக்கத்தில் 1பி 40 (1B 40) என்ற இணை இருந்தால், கணினி எப்சன் முறையில் பேசுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அது பிரிண்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை.

எழுத்தெல்லாம் சரி, பட்டியலின் கட்டங்கள் மட்டும் சாய்ந்த ஆங்கில எழுத்துகளாக வருகின்றன என்றால் ‘கேரக்டர் டேபிள்’ இட்டாலிக்கில் நிற்கிறது. பி.சி.437க்கு மாற்றுங்கள். டாஸ் காலத்து மென்பொருளை இன்னும் வைத்திருக்கும் பழைய கடைகளில் பிரிண்டரை மாற்றியவுடன் இது தலைகாட்டும்.

அறிகுறி: வரிகளுக்கு நடுவே இரட்டை இடைவெளி, அல்லது எல்லாம் ஒரே வரியில்

மென்பொருள் வரியிறக்கக் கட்டளை அனுப்பும்போது ‘ஆட்டோ லைன் ஃபீட்’ அமைப்பும் போட்டிருந்தால் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முறை தாள் நகரும். அணையுங்கள். எல்லா வரியும் ஒன்றின்மேல் ஒன்றாக அடித்தால், மென்பொருள் அந்தக் கட்டளையை அனுப்பவில்லை, போடுங்கள்.

அறிகுறி: நேர்கோடு நெளிகிறது

அச்சுத்தலை இடமிருந்து வலம் போகும்போதும் திரும்பி வரும்போதும் அடிப்பதால், இரண்டு ஓட்டமும் ஓர் இழை விலகினாலே கட்டத்தின் செங்குத்துக் கோடு ஏணிப்படி ஆகிவிடும். பாஸ் பொத்தானை அழுத்தியபடி பிரிண்டரைப் போட்டால் சீரமைப்பு முறை திறக்கும். அது அச்சடித்துத் தரும் வழிமுறைப்படி, கோடுகள் மிகவும் ஒட்டியிருக்கும் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மூன்று, நான்கு நகல் தாள் போடுகிறவர்கள் இதைச் செய்யுமுன் தாள் தடிப்பு நெம்புகோலைத் தங்கள் நகல் எண்ணிக்கைக்கு ஏற்ற இடத்தில் வைத்துவிட வேண்டும். அவசரமென்றால் ‘பிரிண்ட் டைரக்ஷன்’ அமைப்பை ஒருதிசைக்கு மாற்றலாம். நேராக வரும், வேகம் குறையும்.

அறிகுறி: தமிழ் எழுத்து உடைகிறது, அல்லது மிக மெதுவாக வருகிறது

கோயில் ரசீதில் உபயதாரர் பெயரும் நட்சத்திரமும் தமிழில் வர வேண்டும் என்று கேட்பது நியாயமான ஆசை. அதைச் சரியாகச் செய்துகொடுக்கவும் முடியும். பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருக்களில் தமிழ் இல்லை. அமைப்பு மென்பொருளில் எந்த ‘ஃபான்ட்’ மாற்றினாலும் தமிழுக்கு ஒன்றும் ஆகாது. தமிழ், விண்டோஸ் டிரைவர் வழியாகப் படமாக மட்டுமே போகும், அதனால்தான் மெதுவாகிறது. ‘ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரில் தமிழ் வராமல் கேள்விக்குறிகளாக வருவதும் இதனால்தான்.

டிரைவரில் கிராஃபிக்ஸ் நுணுக்கத்தை 24 ஊசிப் பிரிண்டரில் (எல்.கியூ. வகை) 180க்கு 180 என்று வையுங்கள். அதற்குக் கீழே போனால் ‘ண’, ‘ன’ இரண்டின் சுழிகளும் ஒட்டிக்கொள்ளும். பெயரில் அந்தத் தவறு வருவதை யாரும் விரும்ப மாட்டார்கள். எழுத்தின் அளவை 12 புள்ளிக்குக் குறைக்காதீர்கள். லதா போன்ற மெல்லிய எழுத்துரு நகலில் தேய்ந்து தெரிந்தால் தடித்த வடிவத்தைத் தேர்ந்து பாருங்கள். 9 ஊசி எல்.எக்ஸ். வகையில் தமிழ் வரும். ஆனால் சிறிய எழுத்தில் அழகாக வராது. தமிழ் ரசீதுக்கென்று புதிதாக வாங்குகிறவருக்கு நான் 24 ஊசியைத்தான் சொல்வேன்.

வேகத்துக்கு ஒரு வழி உண்டு. கோயில் பெயர், முகவரி, சின்னம் ஆகியவற்றைத் தாளிலேயே முன்கூட்டி அச்சகத்தில் அடித்து வாங்கிவிடுங்கள். பிரிண்டர் பெயர், நட்சத்திரம், தொகை மூன்றை மட்டும் அடித்தால் தைப்பூசக் கூட்டத்திலும் வரிசை நகரும்.

அறிகுறி: கியூ.ஆர். குறியீடு வாசிக்கவில்லை

மலேசியாவில் 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்த, கியூ.ஆர். குறியீடு தாங்கிய மின் விலைப்பட்டியலால் இது புதிதாகச் சேர்ந்த தொல்லை. சதுரங்களின் ஓரம் கலங்கினால் கைப்பேசி வாசிக்காது. ஒருதிசை அச்சு, டிராஃப்ட் (வேக அச்சு) இல்லாத தரம், குறியீட்டின் பக்கம் மூன்று சென்டிமீட்டருக்குக் குறையாத அளவு, அதைச் சுற்றி வெற்றிடம்: இந்த நான்கும் சேர்ந்தால் 24 ஊசியில் பெரும்பாலும் வாசிக்கும். அப்போதுதான் மாற்றிய ரிப்பனில் மை அதிகமாக இருந்து சதுரங்கள் ஊறிப்போகலாம். சில பக்கங்கள் வேறு எதையாவது அச்சடித்துவிட்டுப் பாருங்கள். மூலத் தாளில் மட்டும் சோதியுங்கள். மூன்றாவது நகலில் வாசிக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அறிகுறி: எழுத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு

ஒவ்வொரு எழுத்திலும் ஒரே உயரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால் ஓர் ஊசி அடிக்கவில்லை. சுயசோதனையிலும் அதே கோடு வரும். எந்த மென்பொருளும் இதைத் தீர்க்காது. அச்சுத்தலையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். தேய்ந்து நைந்த ரிப்பனுக்கு ஸ்டாம்ப் மை ஊற்றி ஓட்டுவதை உடனே நிறுத்துங்கள். நைந்த இழையில் ஊசி சிக்கிக்கொள்ளும், மை காய்ந்து ஊசித் துளையை அடைக்கும். தலையை மாற்றும் விலையைக் கேட்டுவிட்டுப் புதிய பிரிண்டரின் விலையையும் கொம்தாரில் ஒரு முறை விசாரியுங்கள். பாதிக்கு மேல் போனால் புதியதை வாங்கிவிட்டு, பழையதை ரிப்பன் பெட்டி, டிராக்டர் போன்ற உதிரிகளுக்காக வைத்துக்கொள்வது நல்லது.